சின்ன நாய் கெந்தி நடந்தால்: குறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன நாய் உண்டு. பொமரேனியன் என்று சொல்லி வாங்கிய வெள்ளை ஸ்பிட்ஸ்தான் அதிகம். அப்புறம் டேஷண்ட், பக், இப்போது கொஞ்ச நாளாக ஷிட்சு. இவற்றில் ஏதாவது ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை. மூட்டு வலிக்கார நாய்களை வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்தவன், அவ்வளவுதான். வருகிறவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள்: "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்."

பல நேரம் வயசுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. விரலிடுக்கில் நெருஞ்சி முள் இருக்கும், அல்லது உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், அல்லது முழங்கால் சில்லு நழுவியிருக்கும். மூட்டுத் தேய்மானம் என்பது மற்றதையெல்லாம் பார்த்துக் கழித்த பிறகு வரவேண்டிய முடிவு. வயசான நாய்க்கும் முள் குத்தும்.

கீழே குறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் நாய்க்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். இரண்டு விஷயம் மட்டும் எல்லோருக்கும் பொது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்

வலிக்குது என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கிற மாத்திரையில் பாதியை உடைத்துத் தயிர்ச்சோற்றில் வைப்பதுதான் நம் ஊரில் முதல் வைத்தியம். அதுதான் காலை விட்டுவிட்டு நாயையே கொல்லும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2006-ல் தடை செய்தது பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்ற. நாய்க்கு அது கூடாது என்பதற்குக் காரணம் வேறு, வயிறும் சிறுநீரகமும்தான்.

"டாக்டரே மெலாக்சிகாம்தானே எழுதுறாரு, அது மெடிக்கல்ல கிடைக்குதே" என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். நாய்க்கு வழக்கமான தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 5 கிலோ நாய்க்கு அரை மில்லிகிராம். மனிதர்களுக்கு விற்கிற சின்ன மாத்திரையே 7.5 மில்லிகிராம். ஒரு மாத்திரை போட்டால் 15 நாள் மருந்து ஒரே வாயில் போகிறது. நாய்க்கென்று வரும் சொட்டு மருந்தை, எடை பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

தைலம், வலி களிம்பு, கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தடவின மறு நிமிஷம் நக்கும். கற்பூரமும் நாய்க்கு விஷம், வலி களிம்புகளில் இருக்கிற கார எண்ணெயும் விஷம்.

## இவற்றில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் கிளம்புங்கள்

கால் தொங்குகிறது, கோணலாக நிற்கிறது, எலும்பு தெரிகிறது. வண்டியில் அடிபட்டது அல்லது மாடியிலிருந்து விழுந்தது. பின்னங்கால் இரண்டும் இழுபடுகிறது. கால் மளமளவென்று வீங்கிக்கொண்டே வருகிறது, அதுவும் புதர் பக்கமோ வயல் பக்கமோ போய் வந்த பிறகு: பாம்புக் கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈறு வெளுத்திருக்கிறது. ஒன்றுக்குப் போகவில்லை.

இன்னொன்று. தடுப்பூசி போடாத நாய், அல்லது போட்டதா என்று தெரியாத நாய், கால் தள்ளாடுவதோடு எச்சிலும் வடிக்கிறது, குரல் மாறியிருக்கிறது, விழுங்கத் திணறுகிறது என்றால் வாயைத் திறந்து பார்க்காதீர்கள். வெறிநோய் எப்போதும் கடித்துக்கொண்டு வராது. சில நாய்க்குக் கால் செயலிழந்து முடங்கிப்போவதாகவே வரும். டாக்டருக்கு முதலில் போன் பண்ணிச் சொல்லிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். எச்சில் பட்ட ஆட்கள் உடனே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

## எந்தக் கால் என்றே தெரியவில்லை

இது நிறைய நடக்கும். வீட்டில் ஆளுக்கு ஒரு காலைச் சொல்வார்கள்.

சமமான தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெதுவாக நடத்த, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முன்னால் இருந்து, பக்கவாட்டில், பின்னால் இருந்து. முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு படும்போது தூக்கிக்கொள்ளும். போனில் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அந்த வீடியோவை அழிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் மற்ற நாய்களைப் பார்த்த பதற்றத்தில் நம் நாய் நாலு காலிலும் ஜம்மென்று நடக்கும், டாக்டர் நம்மைப் பார்ப்பார்.

தொட்டுப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை: வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். பழைய வேட்டியில் நீளமாக ஒரு கிழி கிழித்து மூக்கைச் சுற்றிக் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இப்படிக் கட்டக் கூடாது, மூச்சு முட்டும். அவற்றுக்கு ஒருவர் தலையைத் துண்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டால் போதும்.

## திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டது

காலையில் நன்றாக இருந்தது, சாயந்தரம் மூணு காலில் வருகிறது.

முதலில் பாதம். வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் குற்றவாளிகள் தெரிந்தவைதான்: காலி மனைகளில் படர்ந்து கிடக்கிற நெருஞ்சி, சீமைக்கருவேல முள், உடைமுள். ஸ்பிட்ஸ், ஷிட்சு மாதிரி முடி அடர்ந்த நாயில் முள் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நுனி வெளியே தெரிந்தால் இடுக்கியால் பிடித்து, அது உள்ளே போன அதே சாய்வில் நேராக வெளியே இழுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை முக்கி எடுத்துத் துடைத்துவிடுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஊசியை வைத்துத் தோண்ட வேண்டாம். அது டாக்டர் வேலை, விட்டால் சீழ் கட்டும்.

பிறகு நகம். காலின் உட்பக்கம் மேலே தனியாக நிற்கிற நகத்தை யாரும் வெட்டுவதில்லை. அது வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். பிளந்த நகத்தில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

பாதத்தின் அடி. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வெளியே போய் வந்த நாய் நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கினால் தார் ரோட்டுச் சூடு. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் நாய்க்கும் முடியாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் குளிர்விக்கலாம். தோல் உரிந்திருந்தாலோ கொப்பளித்திருந்தாலோ டாக்டர்.

பாதத்தில் ஒன்றும் இல்லை என்றால் மேலே போங்கள். விரல் நுனியில் இருந்து தோள் வரை, அல்லது இடுப்பு வரை, ஒவ்வொரு மூட்டாக மெதுவாக அழுத்தி, மடக்கி, நீட்டிப் பாருங்கள். நோகிற இடத்தில் நாய் திரும்பிப் பார்க்கும், உதட்டை நக்கும், காலை இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்துக் காலிலும் அதே இடத்தை அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம் இல்லை, காலைக் கொஞ்சமாவது ஊன்றுகிறது என்றால் சுளுக்காக இருக்கலாம். இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் ஒரு சின்ன அறை, ஒன்றுக்கு ரெண்டுக்குக் கயிற்றில் கூட்டிப்போய்க் கூட்டி வருவது, அவ்வளவுதான். சோபா ஏறுவது, கேட் ஓரம் ஓடிப்போய்க் குலைப்பது எல்லாம் ஓய்வில் சேராது. புது வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் ஒத்தடம்.

பின்னங்கால், முழங்காலில் நோவு, விரல் நுனி மட்டும் தரையைத் தொடுகிறது: நாயை உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பின்னங்காலையும் ஒழுங்காக மடக்கி உட்காராமல் ஒரு காலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். குண்டாக இருக்கிற நடுவயது நாய்க்கு ஓடித் திரும்பும்போதே இது போய்விடும், பெரிய அடி எதுவும் பட வேண்டியதில்லை. இதை எக்ஸ்ரேயும் டாக்டர் கையும்தான் உறுதி செய்ய முடியும். சின்ன நாய்களில் சிலது நீண்ட ஓய்விலும் எடைக் குறைப்பிலும் தேறும், பலதுக்கு அறுவை தேவைப்படும். ஒரு பக்கம் கிழிந்தால் மறுபக்கமும் பின்னால் போகும் ஆபத்து உண்டு என்பதால் எடையைக் குறைக்க அன்றைக்கே தொடங்குங்கள்.

எப்போது டாக்டர்: 24 மணி நேரமாகக் காலை ஊன்றவே இல்லை, அல்லது இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது, அல்லது வீக்கம் கூடுகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியரிடம் நாயைத் தூக்கிப்போவது எங்கள் பக்கம் இன்னும் உண்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியதில் ரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகிப்போகலாம். தயவுசெய்து வேண்டாம்.

## நாலு அடி நடக்கும், ஒரு அடி தத்தும், மறுபடி சரியாகிவிடும்

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பின்னங்காலை இரண்டு மூன்று எட்டுக்குத் தூக்கிக்கொள்ளும். காலைப் பின்னால் ஒரு உதறு உதறும். உடனே ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கத்தாது, கால் நோகுது என்று காட்டாது. சின்ன நாய்களில், அதுவும் பொமரேனியன் வகையில், இது முழங்கால் சில்லு தன் பள்ளத்தை விட்டு உட்பக்கமாக நழுவுவதுதான். உதறும்போது அது திரும்ப உட்கார்ந்துகொள்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது எடை, தரை, தாவல் மூன்றும்தான். அவற்றை அடுத்த தலைப்பில் விரிவாகச் சொல்கிறேன். சில்லை நீங்களே தள்ளிவைத்துப் பார்க்க வேண்டாம்.

டாக்டர் இதை 1 முதல் 4 வரை நிலை பிரிப்பார். முதல் நிலையில் கையால் தள்ளினால்தான் நழுவும், நாலாவதில் நழுவிய இடத்திலேயே நின்றுவிடும், திரும்பி உட்காராது. ஒன்றும் இரண்டும் வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமல் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். மூன்று, நான்கு, அல்லது எந்த நிலையானாலும் தத்துவது அடிக்கடி வருகிறது, நாய் வலி காட்டுகிறது என்றால் அறுவை பற்றிப் பேச வேண்டும். இத்தனை நாள் தத்திக்கொண்டிருந்த நாய் ஒருநாள் காலை ஊன்றாமலே இருந்தால் அது பழைய கதை இல்லை, ஜவ்வும் கிழிந்திருக்கலாம். மேலே உள்ள தலைப்புக்குத் திரும்புங்கள்.

## எழுந்திருக்கும்போது விறைப்பு, நடக்க நடக்கச் சரியாகும்

இதுதான் மூட்டுத் தேய்மானத்தின் குறி. தூங்கி எழுந்தால் நாலு எட்டு கட்டை மாதிரி நடக்கும், வாசல் வரை போவதற்குள் இளகிவிடும். அடைமழை நாட்களில், ஐப்பசி கார்த்திகையில், கூடும். மாடிப்படி முன்னால் நின்று யோசிக்கும். முன்பெல்லாம் கேட் சத்தம் கேட்டால் ஓடி வந்தது இப்போது படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் ஆட்டும். ஒரே மூட்டை நக்கி நக்கி முடி செம்பட்டை ஆகியிருக்கும். சிலது எரிச்சல்படும், பேரன் பேத்திகள் தூக்கினால் உறுமும். வலி என்று நாய் கத்திச் சொல்வது அபூர்வம், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

நகம். டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீளம். நீண்ட நகம் விரலைத் தூக்கி மூட்டைக் கோணலாக்கும். செலவில்லாத முதல் சிகிச்சை இதுதான். நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், கருப்பு நகத்தில் உள்ளே ரத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

எடை. நான் பார்த்த மூட்டு நாய்களில் பெரும்பாலானது குண்டு. மருந்து வாங்கத் தயாராக இருப்பவர்கள் பிஸ்கட்டை நிறுத்தத் தயாராக இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். 5 கிலோ இருக்க வேண்டிய நாய் ஐந்தரை இருந்தால் அது பத்து சதவீதம் அதிகம். 60 கிலோ ஆள் 6 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிற கணக்கு. எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று தெரியவில்லை என்றால் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். முடி அடர்ந்த நாயில் கண் ஏமாற்றும், கையை நம்புங்கள்.

எங்கே இருந்து ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலையில் டீயோடு பிஸ்கட், ஆச்சி கொடுக்கிற இட்லி, மத்தியானம் சோறு, சாயந்தரம் வடை, விருந்தாளி வந்தால் அல்வா. அல்வாவில் இருக்கிற நெய் எடையோடு நிற்காது, கணையத்தையும் வீங்க வைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், பாயசத்தை நக்க விடாதீர்கள். ஒரு நாளைக்கு மொத்தமாக என்ன போகிறது என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள், வீட்டில் எல்லோரும் எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகு சோற்றைக் குறைத்து, உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, பீன்ஸ் சேர்த்தால் வயிறும் நிறையும். மாதத்துக்கு மூன்று நான்கு சதவீதம் இறங்கினால் போதும், பட்டினி போட வேண்டாம்.

தரை. டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாம் மூட்டு நாய்க்கு வழுக்குப் பாறை. வழுக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு பிசகும். நாய் அதிகம் நடக்கிற பாதையில், படுக்கையில் இருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, வாசல் வரை, அடியில் ரப்பர் உள்ள மிதியடிகளைத் தொடராகப் போடுங்கள். பத்தமடைப் பாய் விரித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாய் நல்லதுதான், ஆனால் டைல்ஸ் மேல் பாயே நாயோடு சேர்ந்து வழுக்கும். ரப்பர் ஷீட் ஒன்றை அடியில் போட்டால் நிற்கும். பாதத்து விரலிடுக்கு முடியை மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டால் பாதி வழுக்கல் குறைந்துவிடும்.

தாவல். சோபாவில் இருந்து குதிப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஸ்கூட்டரை யாரும் கவனிப்பதில்லை. முன்னால் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வண்டி நிற்கும் முன் குதிக்கும். அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள், தூக்கி ஏற்றித் தூக்கி இறக்குங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு. முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. உயரமான வாசல்படிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் பழைய சாக்கை ஆணி அடித்தால் சரிவுப்பாதை தயார்.

நடை. முழு ஓய்வு இதற்கு மருந்து இல்லை. தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். ஒரே நீள நடைக்குப் பதில் பத்துப் பத்து நிமிஷமாக மூன்று முறை, விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும். நடந்த மறுநாள் விறைப்பு கூடினால் நேரத்தைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரைச் சுற்றுவதுதான் மிக மோசம்.

தாமிரபரணி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி. நாயின் நெஞ்சளவு தண்ணீரில் அது மெதுவாக நடந்தால் மூட்டில் எடை விழாமல் தசை வேலை செய்யும். ஆட்கள் குளிக்கிற படித்துறை வேண்டாம், பாசி வழுக்கும், அவர்களுக்கும் தொந்தரவு. மணலும் ஓட்டமில்லாத தண்ணீரும் உள்ள இடமாகப் பாருங்கள், கயிற்றை விடாதீர்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. வந்ததும் காதுக்குள் ஈரம் நிற்காமல் துடைத்துவிடுங்கள்.

சூடு. பழைய விறைப்புக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் நல்லது. உங்கள் மணிக்கட்டு தாங்குகிற சூடு, பத்துப் பதினைந்து நிமிஷம், நடைக்கு முன்னால். மழைக்காலத்தில் வெறும் தரையில் படுக்க விடாமல் தடிமனான மெத்தை போடுங்கள்.

கடையில் விற்பவை. மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் உண்டு, அளவை டாக்டரிடம் கேளுங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ அதிகம், இதற்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது. மூட்டுக்கென்று விற்கிற குளுக்கோசமைன் பொடிகளின் விலையைப் பார்க்கும்போது அதன் ஆதாரம் மெலிவு. காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால் நான் அதை மிதியடிக்குச் செலவழிப்பேன்.

எப்போது டாக்டர்: மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்து மூன்று நான்கு வாரம் ஆகியும் மாற்றம் இல்லை, அல்லது நாய் சாப்பாட்டைக் குறைத்துவிட்டது, அல்லது ஒரு கால் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. எக்ஸ்ரே எடுப்பார்கள். வலி மருந்து தொடங்கும் முன் சிறுநீரகம், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், வயசான நாய் என்றால் கட்டாயம். மருந்தைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி, கருப்பு மலம், சாப்பிடாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லாமல் இன்னொரு டாக்டரிடம் வலி மருந்து வாங்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும்.

## இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால்

திங்கட்கிழமை வலது முன்னங்கால், புதன்கிழமை இடது பின்னங்கால். கூடவே சோர்வு, சாப்பாட்டில் பிரியமில்லை. இதை மூட்டு வாதம் என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் நாயை இழந்துவிடுவோம். நம் ஊரில் இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல்.

பார்க்க வேண்டியவை: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா. இப்போது இல்லை என்பதால் காய்ச்சல் இல்லை என்று ஆகாது, கடித்து வாரங்கள் கழித்தும் வரும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், 103-க்கு மேல் காய்ச்சல். ஈறு வெளிறியிருக்கிறதா. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா. மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே டாக்டர்.

வீட்டில் தீர்க்க இதில் எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கை பார்ப்பார்கள். உறுதியானால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். நான்காவது நாளே நாய் துள்ளும். அத்தோடு மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

உண்ணியைப் பிடுங்க மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கவும். நாயில் மட்டும் இல்லை, சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் முட்டை இருக்கும், அங்கேயும் மருந்தடிக்க வேண்டும், நாயை வெளியே வைத்துவிட்டு.

## பின்னங்கால் தள்ளாடுது, விரல் மடங்கி உரசுது

கெந்துவது வேறு, இது வேறு. நாய் குடித்தவன் மாதிரி ஆடும், பாதத்தின் மேல்பக்கம் தரையில் இழுபடும், நகத்தின் மேல்பகுதி தேய்ந்திருக்கும். தூக்கினால் முதுகில் கத்தும். டேஷண்ட் வைத்திருக்கிறவர்கள் இந்தத் தலைப்பை இப்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முதுகுள்ள நாய்க்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது சர்வ சாதாரணம்.

ஒரே ஒரு சோதனை. நாயை நிற்கவைத்து இடுப்பைத் தாங்கிக்கொண்டு பின்பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே திருப்பி வைத்துவிடும். அப்படியே விட்டால் கோளாறு நரம்பில், மூட்டில் இல்லை.

உருவிவிட வேண்டாம், எண்ணெய் வேண்டாம், நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம். பலகையிலோ கெட்டியான அட்டைப்பெட்டியிலோ படுக்கவைத்துத் துண்டால் கட்டி, அன்றைக்கே எடுத்துப் போங்கள். விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணர்வில்லாத நிலைக்குப் போய்விட்டால் அறுவையில் பயன் கிடைக்க உள்ள காலம் ஓரிரு நாள்தான். நடக்க முடிகிற நாய் என்றால் நாலு முதல் ஆறு வாரம் கூண்டு ஓய்விலேயே தேறலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். திருநெல்வேலியில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இதற்கு நான் முதலில் சொல்கிற இடம். முதுகுத்தண்டு அறுவைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகச் சொன்னாலும் தாமதிக்காதீர்கள்.

## ஒரு வயசுக்குள் இருக்கிற குட்டி கெந்துது

குட்டிக்கு வயசு தேய்மானம் வராது, எனவே காரணம் கட்டாயம் தேட வேண்டும்.

சாப்பாட்டைக் கேளுங்கள். வெறும் தயிர்ச்சோறு, அல்லது வெறும் கோழிக்கறியும் சோறும் தின்று வளர்கிற குட்டிக்குக் கால்சியம் போதாமல் எலும்பு மெலியும். கால் வில்லாக வளையும், சோபாவில் இருந்து குதித்தாலே ஒடியும். குட்டிகளுக்கான சரிவிகித உணவுக்கு மாறுங்கள். கால்சியம் சிரப்பைக் கணக்கில்லாமல் ஊற்றினாலும் கெடுதிதான், அளவு டாக்டரிடம்.

நாலு மாதத்துக்கும் ஒரு வயசுக்கும் இடையில், ஒரு பின்னங்கால் மட்டும் வாரக்கணக்கில் மோசமாகிக்கொண்டே வருகிறது, தொடைச் சதை மெலிகிறது என்றால் இடுப்பு எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்குகிற நோயாக இருக்கலாம். சின்ன இன நாய்களுக்கே உரியது. எக்ஸ்ரேயில் தெரியும். அந்த முனையை எடுத்துவிடுகிற அறுவை ஒன்று உண்டு, கேட்கப் பயமாக இருந்தாலும் சின்ன நாய்கள் அதற்குப் பிறகு நன்றாகவே நடக்கும்.

பேதி, மூக்கொழுக்கு வந்து தேறிய குட்டிக்குக் கால் வெட்டி வெட்டி இழுத்தால் அது கால் நோயே இல்லை, டிஸ்டம்பர் என்கிற வைரஸ் தொற்றாக இருக்கலாம். மற்ற நாய்களிடம் இருந்து பிரித்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

## டாக்டரிடம் போகும்போது

வீடியோ, நாயின் எடை, கடைசியாக உண்ணி மருந்து போட்ட தேதி, இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் அட்டை. வீட்டில் யாராவது பாதி மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டினால் திட்டட்டும். எக்ஸ்ரேவுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் கிளம்பும் முன் போன் பண்ணி, எத்தனை மணியில் இருந்து சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் காலையில் வைத்த இட்லியால் மறுநாள் வரச் சொல்லிவிடுவார்கள்.